நீங்கள் போங்கோ, நான் இருக்கிறன்

கோடை விடுமுறையில் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்துத் திறந்தவெளி நீச்சல் குளத்துக்குப் போனால், எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் யாரும் பொருள் வைக்கும் பெட்டகத்தைத் தேடிப் போவதில்லை. எங்களுக்குக் கீழ்வீட்டு அன்ரி இருந்தார். புல்தரையில் நிழல் விழும் மூலை ஒன்றைப் பிடித்து, துவாய்களை விரித்து, பைகளை முதுகுக்குப் பின்னால் அடுக்கிவிட்டுச் சம்மணம் கட்டி உட்கார்ந்துவிடுவார். எந்த வெயிலிலும் சுரிதாருக்கு மேலே ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை இருக்கும். நாங்கள் ஓடுகிற ஓட்டத்தில் கழற்றி எறிந்த செருப்புகளைச் சோடி சேர்த்து, குதிக்கால் பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி வரிசையாக வைப்பார். ஈரக்காலோடு வருகிறவர்கள் நின்று திரும்பாமல் அப்படியே நுழைத்துக்கொள்ளலாம்.

“நீங்கள் போங்கோ. நான் இருக்கிறன்.”

அவர் அதிகம் சொன்ன வசனம் இதுதான். அவர் அங்கே படுத்ததையோ, புத்தகம் படித்ததையோ நான் பார்த்ததில்லை. குளத்தின் பக்கம் பார்த்தபடி இருப்பார். “நீங்களும் வாங்கோ அன்ரி” என்று நாங்கள் கையைப் பிடித்து இழுத்தால், “எனக்கு இஞ்சை இருந்தே எல்லாம் தெரியுது” என்பார். அதற்குமேல் இழுக்க முடியாது. ஒல்லியான மனிதர்தான், ஆனால் உட்கார்ந்துவிட்டால் கல்லுக்குச் சமம்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாசலுக்கு வலப்புறம் அவருடைய வீடு. கணவர் ரொட்டி சுடும் வெதுப்பகம் ஒன்றில் வேலை செய்தவர். நாங்கள் சின்ன வகுப்பில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் தர்சிகா என் வயது, என் வகுப்பு. அன்ரி விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போய், நாங்கள் பள்ளிக்கூடம் முடிந்து வருவதற்கு முன் வந்துவிடுவார். கட்டடத்தில் பாதிப் பேருடைய வீட்டுத் திறப்புகள் ஒரு சாவி வளையத்தில் அவரிடம்தான் கிடந்தன. தமிழ் ஆட்களுடையது மட்டும் இல்லை. மூன்றாம் மாடியில் இருந்த ஜெர்மன் கிழவி ஊருக்குப் போகும்போது பூனையையே அன்ரியிடம் கொடுத்துவிட்டுப் போவார். யாருக்காவது வைத்தியரிடமோ அலுவலகத்திலோ டெர்மின் என்றால் பிள்ளை அன்ரியிடம். யாருக்காவது பொதி வருகிறது என்றால் அதுவும் அன்ரியிடம். எங்காவது குடும்பமாகப் போவதென்றால் அன்ரியையும் கூப்பிடுவோம். கூப்பிட்டதில் பாசமும் இருந்தது, வசதியும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வயது எனக்கு அப்போது இல்லை.

பக்கத்து நகரத்தில் தேர்த்திருவிழா நடக்கும். ஜெர்மனியில் உள்ள தமிழ்ச் சனம் பாதி அங்கே திரண்டுவிடும். அந்தச் சனத்துக்குள் அன்ரி ஒரு வேலி ஓரமாக, ஐந்தாறு குடும்பத்துச் செருப்புகளுக்கும் பிள்ளை வண்டில்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். தேர் வேறு தெருவால் சுற்றி வரும். அம்மா திருநீறு கொண்டுவந்து கொடுப்பார். அதைப் பூசிக்கொண்டு, கூட்டத்துக்கு மேலால் தெரிகிற தேர்முடியைப் பார்த்துக் கும்பிடுவார். “கிட்டப் போய்க் கும்பிட்டிட்டு வாங்கோவன், நான் நிக்கிறன்” என்று அம்மா சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஒருமுறை கிறிஸ்துமஸ் காலத்து நத்தார்ச் சந்தையில் நான் தொலைந்துபோனேன். அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். குதிரை ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே போனவள், திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. பெரிய பெரிய குளிர்ச்சட்டைகளின் முதுகுகள்தான் தெரிந்தன. அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், அப்போது இருந்த தர்சிகாவின் அப்பா இன்னொரு பக்கம் என்று எல்லோரும் என்னைத் தேடி ஓடியிருக்கிறார்கள். நான் அழுதுகொண்டே வந்த வழியில் நடந்தேன். நாங்கள் வறுத்த கச்சான் கடலை வாங்கிய கடை வந்தது. அதன் விளக்குக்குக் கீழே, ஒரு கையில் தர்சிகாவையும் மறு கையில் எங்கள் பைகளையும் பிடித்தபடி அன்ரி நின்றுகொண்டிருந்தார். விட்ட இடத்திலேயே.

அன்றைக்கு அம்மா அவரோடு கோபித்துக்கொண்டார். “பிள்ளையைக் காணேல்லை எண்டு நாங்கள் பதறி ஓடுறம், நீங்கள் மரம் மாதிரி நிக்கிறியள்.”

அன்ரி என் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் தேடப் போனால், பிள்ளை திரும்பி வந்து ஆரிட்டைப் போறது?”

அம்மா பைகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இந்தக் குணத்தை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். அதனால் காயப்பட்டவள் தர்சிகா மட்டும்தான். வளர வளர அவளுக்கு அது எரிச்சலானது. பள்ளிக்கூட நாடகத்தில் அவள் நடித்தபோது அன்ரி யாரோ ஒருவருடைய கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியில் நின்றார். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய நாளில் நானும் மண்டபத்தில் இருந்தேன். அவள் மேடையில் நின்று வரிசை வரிசையாகத் தேடினாள். என் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. அன்ரி வெளியே நடைக்கூடத்தில், எங்கள் மேற்சட்டைகளும் பூங்கொத்தும் இருந்த வாங்குப் பலகையில் இருந்தார். கதவு இடைவெளியால் கைதட்டல் கேட்டதாம். “நல்லாக் கேட்டது பிள்ளை” என்று சந்தோஷமாகச் சொன்னார். தர்சிகா சிரித்துப் படம் எடுத்துக்கொண்டாள். அன்று மாலை என்னிடம் மட்டும் சொன்னாள்: “என்ரை அம்மா என்ரை வாழ்க்கையை வெளியிலை இருந்து காவல் காக்கிறா. உள்ளுக்கு வரமாட்டா.”

பிறகு தர்சிகா ஹியூவைச் சந்தித்தாள். வேல்ஸ்காரன், பொறியியலாளன், மியூனிக்கில் வேலை பார்த்தவன். அன்ரிக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. கலியாணத்துக்குப் பிறகு அவர்கள் அவனுடைய ஊருக்கே போனார்கள். வேல்ஸின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். ஒவ்வொரு விடுமுறைக்கும் தர்சிகா கூப்பிடுவாள். “நீங்கள் வாங்கோ பிள்ளை, நான் இஞ்சைதானே இருக்கிறன்” என்பார் அன்ரி.

இரண்டாம் வருடம் தர்சிகாவுக்கு வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை. ஐந்து மாதம் தாண்டிய பிறகு போனது. அவள் தொலைபேசியில் அழுதபோது நானும் அன்ரியின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்ரியும் அழுதார். அழுதபடியே சொன்னார்: “வா பிள்ளை. இஞ்சை வா. நான் எங்கையும் போகேல்லை, இஞ்சைதான் இருக்கிறன்.”

 பிறகு தர்சிகா, “சரி அம்மா, வைக்கிறன்” என்றாள். அதற்குப் பிறகு அவள் எடுப்பது குறைந்தது. எடுத்தாலும் மழையைப் பற்றியும் வேலையைப் பற்றியும்தான் பேச்சு. அன்ரி யாரிடமும் குறை சொல்லவில்லை. ஆனால் மெலிந்துபோனார். அதே கட்டடத்தில் எனக்கும் அப்போது கணவர், ஒரு மகள் என்று குடும்பம் இருந்தது; அவளைப் பார்த்துக்கொள்ள வரும்போது சில நேரம் பிள்ளை கூப்பிடுவதுகூட அவருக்குக் கேட்பதில்லை.

அடுத்த கோடையில் நான் ஒரு தந்திரம் செய்தேன். “அன்ரி, நான் தர்சிகாவைப் பாக்கப் போறன். இவருக்கு லீவு இல்லை. தனியக் கார் ஓடவேணும், பிள்ளையும் இருக்கு, சாமானும் கனக்க. எனக்கு உதவிக்கு ஆள் இல்லை” என்றேன்.

“தர்சி சுகமா இருக்கிறாளோ எண்டு பாத்துக்கொண்டு வந்து சொல்லு பிள்ளை.”

“பிள்ளையைக் காரிலை ஆர் பாக்கிறது? நடுவழியிலை நான் பெற்றோல் அடிக்கேக்கை, கழிப்பறைக்குப் போகேக்கை ஆர் நிக்கிறது?”

அவர் யோசித்தார். பார்த்துக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் அன்ரி அசைவார் என்று எனக்குத் தெரியும். பல்கனியில் நிற்கும் மிளகாய்க் கன்றுகளைச் சொன்னார். அம்மா தண்ணீர் ஊற்றுவார் என்றேன். திறப்புகளைச் சொன்னார். அம்மா வைத்திருப்பார் என்றேன். கடைசியில், “ஓம், பிள்ளையோடை நீ தனியப் போக ஏலாது” என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

பிரித்தானியா அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போயிருக்கவில்லை. எல்லையில் கடவுச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். கப்பலில் எல்லோரும் மேல்தளத்துக்குக் கடல் பார்க்கப் போனபோது, அன்ரி உள்ளே எங்கள் பைகளோடு இருந்தார். இடையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பின்னேரம் தர்சிகாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தாயும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பயணம் எப்படி, சாப்பிட்டீர்களா என்பதைத் தாண்டி ஒன்றும் பேசவில்லை. விருந்தாளியைக் கவனிப்பதுபோல அவள் தாயைக் கவனித்தாள்.

அடுத்த நாள் ஹியூவின் அப்பா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவன் சின்னவனாக இருந்தபோது குடும்பமாகப் போகிற இடமாம். இரண்டு பக்கமும் செடிவேலி உயர்ந்து நிற்கும் ஒழுங்கையால் கார் மெல்ல இறங்கியது. ஆட்டு வயல் ஒன்றுதான் வண்டி நிறுத்துமிடம். அங்கிருந்து சாய்வாகப் போகும் பாதையின் முடிவில் ஒரு திருப்பம். திருப்பத்தில் கடல் வந்தது.

கையைக் குவித்துப் பிடித்தது போன்ற சின்னக் குடா அது. இரண்டு பக்கமும் பாறை முனைகள் கடலுக்குள் நீண்டு காற்றை மறித்துக்கொண்டு நின்றன. மேலே வயலில் புல் படுத்துக் கிடக்கும் அளவுக்குக் காற்று. கீழே தலைமுடிகூட அசையவில்லை. அலை குளத்து அலை போலத்தான் வந்து மணலை நக்கியது. அலை இழுத்துக்கொண்டுபோகும் பயமில்லாததால் நடக்கத் தொடங்கிய குழந்தைகள்கூடத் தண்ணீரில் நின்றன. பெரிய பிள்ளைகள் பாறையில் குந்தியிருந்து, நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி நண்டு பிடித்தார்கள். கோடை என்றாலும் பாதிப் பேர் கம்பளிச் சட்டையோடு இருந்தார்கள். அன்ரி சுற்றிலும் பார்த்து, தன்னுடையதையும் தடவிப் பார்த்துக்கொண்டார். வந்ததில் இருந்து முதல் தடவையாக அவர் முகம் இளகியது அப்போதுதான்.

ஹியூவின் அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். ஒரு மடக்குக் கதிரையை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் துவாயைப் போட்டு, பைகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு அன்ரி உட்கார்ந்தார். பெரியவருக்கு ஆங்கிலமும் வேல்ஸ் மொழியும், அன்ரிக்கு ஜெர்மனும் தமிழும். பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. அவர் சுடுதண்ணிப் போத்தலில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அன்ரி காலையில் எழும்பிப் பொரித்த மீன் ரோல்ஸை எடுத்துக் கொடுத்தார். அவர் கடித்தார், காரத்தில் கண் கலங்கியது, மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். அன்ரிக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நான் மகளோடு பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் இறால்குஞ்சு தேடிக்கொண்டிருந்தேன். ஹியூ ஐஸ்கிறீம் வாங்க மேலே போயிருந்தான். தர்சிகா தனியாக முழங்கால் ஆழத்தில் நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு சட்டென்று திரும்பி, மணலில் நேராகத் தாயிடம் நடந்து வந்தாள்.

“அம்மா, எழும்புங்கோ. தண்ணிக்கு வாங்கோ.”

“நீ போ பிள்ளை. நான் இதுகளோடை இருக்கிறன்.”

“இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் எடுக்க மாட்டினம்.”

“எடுப்பினம் எண்டு நான் சொல்லேல்லையே.”

“அப்ப என்னத்துக்கு?” அவள் குரல் உயர்ந்தது. “என்னத்துக்கு அம்மா எப்பவும் இப்பிடி இருக்கிறியள்?”

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஹியூவின் அப்பா கடலைப் பார்க்கத் தொடங்கினார். அன்ரி துவாயின் ஓரத்தில் இருந்த மணலைத் தட்டினார். தட்டிக்கொண்டே சொன்னார்.

“நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை என்ரை அப்பாவுக்குக் குருநாகலிலை வேலை. அங்கை தமிழருக்கு அடிக்கிற கலவரம் வந்தவுடனை ஊருக்கு வெளிக்கிட்டம். ஸ்டேசனுக்கு வந்தால் அண்ணாவைக் காணேல்லை. சனத்துக்கை எங்கையோ விடுபட்டிட்டான். அப்பா என்னைப் பெட்டியளுக்கு மேலை இருத்தி, ‘இதிலை இரு, அசையாதை’ எண்டு சொல்லிப்போட்டுத் தேடிப் போனவர். ரெயில் வந்திட்டுது. ஏறு பிள்ளை, ஏறு பிள்ளை எண்டு சனம் இழுக்குது. நான் ஏறேல்லை. ரெயில் போட்டுது. அந்த ஸ்டேசனிலை நான் தனிய. அண்ணா தானாத்தான் வந்தான். என்னைக் கண்டிட்டுத்தான் ஓடி வந்தான். பேந்து அப்பாவும் வந்தார். நான் ஏறிப் போயிருந்தால்?”

தர்சிகா மணலில் மண்டியிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது. ஒருத்தரும் கேக்கேல்லை.”

“சரி அம்மா. நீங்கள் செய்தது சரி. ஆனால் பிள்ளை போன நேரம் எனக்குத் திரும்பி வர ஒரு இடம் தேவைப்படேல்லை. பக்கத்திலை ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. நீங்கள் வரேல்லை.”

அன்ரி அவளையே பார்த்தார். 

“நான் அங்கை இருந்தால் நீ வருவாய் எண்டு நினைச்சன்” என்றார் மெதுவாக. “உன்ரை கட்டிலுக்குப் புதுச் சீலை விரிச்சு வைச்சனான். ஒவ்வொரு கிழமையும் மாத்துறனான். நான் வரவேணும் எண்டு எனக்கு விளங்கேல்லை பிள்ளை. உண்மையா விளங்கேல்லை.”

தர்சிகா தாயின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அன்ரி அவள் தலையில் கை வைத்தார்.  பிறகு அன்ரி அவள் தோளைப் பிடித்து ஊன்றி எழும்பினார். பைகளைப் பார்த்தார். ஹியூவின் அப்பாவைப் பார்த்தார். விரலால் பைகளைக் காட்டி, அலுவலகத்தில் மேலாளரிடம் பேசும் ஜெர்மனில், “பிட்டே, அவுஃப்பாஸன்” என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் சரியாக மடங்காத காலை நீட்டி, பெரிய பையின் வாருக்கு மேல் சப்பாத்தின் குதியை வைத்து அழுத்திக்கொண்டு, மிகத் தீவிரமாகத் தலையாட்டினார்.

அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கால் நனைந்ததும் “ஐயோ!” என்று அவர் போட்ட சத்தத்தில் நண்டு பிடித்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முழங்கால், பிறகு இடுப்பு. சுரிதார் காற்றுப் பிடித்துக் குடை போல மிதந்தது. கம்பளிச் சட்டையின் கை நனைந்து தொங்கியது. இருவரும் நெற்றியோடு நெற்றி வைத்தபடி நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பின்னரும் நான் கேட்கவில்லை.

அவர்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் கடல் ஏறி வருவதை நான் கவனிக்கவில்லை. ஹியூவின் அப்பா ஏதோ கத்தினார். பார்த்தால் அலை துவாய்க்கு வந்துவிட்டது. அவர் நொண்டிக்கொண்டே பைகளை இழுக்க, நானும் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு மேலே ஏறினேன். எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டோம், அன்ரியின் ஒரு செருப்பைத் தவிர. அது குடாவின் நடுவில் சாவகாசமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

நடுங்கிக்கொண்டு வந்த அன்ரி, மிச்சம் இருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்ற ஹியூவின் அப்பாவைப் பார்த்தார்.

“ஒருநாள் விட்டிட்டுப் போனன்! ஒரேயொரு நாள்!”

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தர்சிகாவும் சிரித்தாள். விளக்கம் கேட்காமலே ஹியூவின் அப்பாவும் சிரித்தார். அத்தனை வருடத்தில் அன்ரி வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

பீலெஃபெல்டுக்குத் திரும்பிய பிறகு அவர் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. அந்தக் கோடை முடியும்வரை நீச்சல் குளத்தில் எங்கள் பைகளோடுதான் இருந்தார். ஆனால் அடுத்த வருடம் தர்சிகாவுக்கு மறுபடி பிள்ளை என்று தெரிந்த கிழமையே வேலைக்கு விலகல் கடிதம் கொடுத்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டித் திறப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் மாடிக் கிழவி வாசலில் நின்று பூனையைத் தூக்கிப் பிடித்து அழுதார். “எப்ப திரும்பி வருவியள்?” என்று அம்மா கேட்டார். “அவளோடை இருக்கப் போறன்” என்றார் அன்ரி. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய வீட்டுக்கு இப்போது ஒரு மாணவர் கூட்டம் வந்திருக்கிறது. நல்ல பிள்ளைகள்தான். வாசலைத் தாண்டும்போது யாரும் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்தேன். எதிர்முனையில் குழந்தைகள் கத்துவதும் வாளி உருள்வதும் கேட்டன.

“பிள்ளை, இப்ப கதைக்க ஏலாது. எல்லாரும் வெளிக்கிட்டு நிக்கினம். பேந்து எடுக்கிறன், என்ன?”

எடுக்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. ஏதும் சுகமில்லையோ என்று நான் பயந்துவிட்டேன். கிழமை முடியும்போது அவரே எடுத்தார். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. கடலில் இறங்கிப் பிடித்த சளித் தடிமனாம், ஆனால் உற்சாகத்துக்குக் குறைவில்லை.

“குறை நினையாதை பிள்ளை” என்றார். “உன்னை மறந்தே போனன்.”

அன்ரி எதையாவது மறந்ததாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.  எனக்குக் கொஞ்சம் வலித்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.